மெஷினில் கோளாறு இல்லை ஐயா

"வெளிச்சமே வரவில்லை டாக்டர், மெஷினில் ஏதோ கோளாறு" என்றார் அந்த 54 வயதுக் கடைக்காரர். படிக்கிற கண்ணாடியை மாற்றிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். கண்ணுக்குள் பார்த்தபோது பார்வை நரம்பின் முனையிலுள்ள குழி இயல்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், பார்வைப் புலப் பரிசோதனைக்கு உட்கார வைத்தேன். ஒரு கண்ணை மறைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். மேல் பாதியில் வெளிச்சம் மின்னிக்கொண்டே இருந்தது. அவர் விரல் அசையவில்லை.

இத்தனைக்கும் இருட்டாக எதையும் அவர் பார்த்ததில்லை. இல்லாத இடத்தை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. உங்களுக்கும் அப்படித்தான். நம்பாவிட்டால் ஒரு தாளில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இடது ஓரத்தில் ஒரு கூட்டல் குறி. அதற்கு 8 செ.மீ. வலப்பக்கம், கோட்டின் மேலேயே, மிளகு அளவில் ஒரு கறுப்புப் பொட்டு. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி, தாளைக் கை நீளத்திலிருந்து மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் பொட்டு காணாமல் போகும். கோடு மட்டும் அறுபடாமல் ஓடும்!

சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் திரண்டு கண்ணைவிட்டு வெளியேறும் வாசலில் பொட்டு விழுந்ததுதான் காரணம். அங்கே ஒளியை உணரும் செல்கள் கிடையாது. 1660-களில் பிரான்சின் எட்ம் மரியோத் கண்டுபிடித்துச் சொல்லும்வரை, கண்ணில் இப்படியொரு ஓட்டை இருப்பது தெரியாமலே மனித குலம் காலம் தள்ளியிருக்கிறது.

2015-இல் ஓர் உடை நீலமா, வெள்ளையா என்று இணையமே சண்டை போட்டது நினைவிருக்கலாம். அதுவும் மூளையின் ஊகம்தான், சிரித்துவிட்டுப் போகலாம். கிளாக்கோமாவில் அதே ஊகம் நோயை மறைத்துவிடுகிறது. பெரும்பாலானோருக்கு வலி இராது, கண் சிவக்காது. நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிப்பதால் எழுத்துகள் நன்றாகத் தெரியும். ஒரு கண் விட்டதை இன்னொரு கண் ஈடுகட்டும். துண்டுப் பிரசுரங்களில் இந்த நோயில் பார்வையைச் சுற்றிலும் கறுப்பு வளையம் தெரிவதாக அச்சிடுகிறார்களே, அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபமே உண்டு. கறுப்பு தெரியட்டும் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாம் மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

ஆகவே, 40 வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடிக்கு வரும்போதே நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் பிரஷர் மட்டும் பார்த்தால் போதாது. அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. அரிப்புக்கென்று மருந்துக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு விட்டுக்கொள்பவர்கள் இன்னும் சீக்கிரம் வர வேண்டும்; அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும்.

கடைக்காரரிடம் பரிசோதனை முடிவு அச்சான தாளைக் காட்டினேன். இரண்டு கண்ணிலும் மேல்பகுதி கறுத்திருந்தது. சற்று யோசித்துவிட்டு, பாதி தூக்கிய ஷட்டரில் இந்த வருடம் இரண்டு முறை நெற்றி இடித்ததாகச் சொன்னார். அவசரத்தில் கவனிக்கவில்லை என்று நினைத்தாராம். உடன்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் தம்பியை அழைத்துவரச் சொன்னேன்.

"அவனுக்குக் கண் நன்றாகத் தெரியுமே டாக்டர்" என்றார்.