எங்கே என்று தேடுமுன் எப்போது என்று கேளுங்கள்: அதிகம் ஓடிய வண்டியின் இன்ஜின் சத்தங்கள்

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜின் புதிது போல அமைதியாக ஓடாது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில், செயினின் ஒவ்வொரு கண்ணியில், வால்வைத் தள்ளும் டேப்பெட்டில் என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தளர்ச்சி சேர்ந்திருக்கும். ஆகவே பழைய வண்டியில் சத்தம் இருப்பது செய்தியே இல்லை. போன வாரம் கேட்காத சத்தம் இந்த வாரம் கேட்டால்தான் காது கொடுக்க வேண்டும்.

பானெட்டைத் திறந்ததும் எல்லோரும் தேடுவது சத்தம் வரும் இடத்தை. அங்கேதான் ஏமாறுகிறோம். இன்ஜின் பிளாக் ஒரே உலோகக் கட்டி. மேலே தட்டினால் கீழே கேட்கும். அடியில் ஆயில் தேங்கும் சம்ப் பல வண்டிகளில் மெல்லிய தகடு. எங்கோ பிறந்த ஓசையைப் பறை மாதிரி பெருக்கிக் காட்டும். அதனால் இடத்தைத் தேடுமுன் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? வண்டி நிற்கும்போதா, மேடேறும்போதா? ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தாலே பாதி சந்தேகங்கள் விலகிவிடும்.

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். சூடானதும் குறையும் சத்தம் பெரும்பாலும் நேரம் தரும். சூடான பிறகு கூடும் சத்தம் நேரம் தராது. பிஸ்டன் அலுமினியம், சூட்டில் விரிந்து சிலிண்டரை நிறைத்துக்கொள்வதால் காலையில் கேட்ட தட்டல் சில நிமிடங்களில் அடங்கும். பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டோடு சேர்ந்த பேரிங்குகளின் கதை நேர் எதிர். ஆயில் சூடாகி நீர்த்துப்போனதும் தேய்ந்த பேரிங்கைத் தாங்கும் ஆயில் படலம் மெலிகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது.

கருவியைத் தொடுமுன் ஆயில்

சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லிட்டர். பழைய இன்ஜின் ஆயில் குடிக்கும். கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால் வளைவுகளில் பம்ப் காற்றை உறிஞ்சும், டேப்பெட் டிக் டிக் என்று அடிக்கும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் அதே டிக் டிக்தான்: கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையை வைத்து ஹைட்ராலிக் டேப்பெட் நிமிர முடியாது. இது பலருக்குத் தெரியாமல், சத்தம் கேட்டதும் இன்னும் அரை லிட்டர் ஊற்றிவிடுகிறார்கள்.

டாஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லை என்பதை நம்பி ஓட்டாதீர்கள். அந்த விளக்குக்கான ஸ்விட்ச் பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் சுமார் 4 முதல் 7 பிஎஸ்ஐக்கு இறங்கினால்தான் வேலை செய்யும். சூடான இன்ஜினில் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைகளின் பழைய கணக்கு. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணே முடிவானது. இந்தக் கணக்கின்படி 2,000 ஆர்பிஎம்மில் 20 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தாலும் விளக்கு எரியாது. ஸ்விட்சைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளப்பது அரை மணி வேலை. தட்டல் சத்தம் உள்ள எந்த வண்டியிலும் இதைச் செய்யாமல் இன்ஜினைப் பிரிக்கப் பேசக் கூடாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று இரண்டு மூன்று நொடி கேட்டு நின்றுவிடுகிறதா? ஆயில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வு, இரவில் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். ரப்பர் விறைத்துவிட்டால் ஃபில்டர் காலியாகி, காலையில் ஆயில் மேலே ஏறும்வரை எல்லாம் உலர்ந்து ஓடும். நல்ல ஃபில்டர் போட்டும் நிற்கவில்லை, ஐந்து நொடிக்கு மேல் நீள்கிறது, ஓசை டைமிங் கவர் பக்கம் என்றால் டைமிங் செயின். செயின் நீண்டுவிட்டது என்கிறோம். இரும்பு நீளவில்லை, ஒவ்வொரு கண்ணியின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்த தேய்மானம் கூட்டுத்தொகையாகச் சேர்கிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் நிற்பது, அதனால்தான் குளிரில் முதலில் அலறுகிறது. ஸ்கேனரில் பி0016 போன்ற, கிராங்குக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் பொருத்தம் தவறிய கோடு வந்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம். செயின் ஒரு பல் தாவினால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதும்.

பெல்ட் பக்கம்

கிரீச் என்று கத்துவதும் கறகறவென்று உரசுவதும் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே. ஓடும் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் உடனே நின்று சற்று நேரத்தில் திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷனரைப் பாருங்கள். ஒரு மாற்றமும் இல்லையென்றால் பேரிங். அப்போது இன்ஜினை அணைத்து, வெளிப்பெல்ட்டை மட்டும் கழற்றி, அரை நிமிடம் ஓட விடுங்கள். (டைமிங் பெல்ட்டைத் தொடக் கூடாது. வாட்டர் பம்ப் வெளிப்பெல்ட்டில் ஓடும் வண்டியில் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.) சத்தம் காணாமல் போனால் ஆல்டர்னேட்டர், பெல்ட்டைத் தாங்கும் ஐட்லர் சக்கரம், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர் இவற்றில் ஒன்று, ஒவ்வொன்றையும் கையால் சுற்றி, ஆட்டிப் பாருங்கள். பெல்ட் இல்லாமலும் அதே சத்தம் என்றால்தான் உள்ளே போக வேண்டும்.

கேட்கும் கருவி பெரிதாக எதுவும் வேண்டாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினால் போதும். காற்றுக் கசிவுக்கு மட்டும் இது உதவாது; அதற்கு ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைச் சந்தேகமான இடத்தருகிலும் பிடியுங்கள். துப்பட்டா, தொங்கும் சட்டை, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடத் தொடங்கும்.

டிக் டிக்கா, டொக் டொக்கா

கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும் ஐட்லிங் வேகம் 800 ஆர்பிஎம் என்றால் ஒரு வால்வின் தட்டல் நிமிடத்துக்கு 400 முறை. கிராங்கோடு சேர்ந்த தட்டல் 800 முறை. நொடிக்குப் பதிமூன்றை யாராலும் எண்ண முடியாது, ஒப்பிட முடியும். மேனிஃபோல்டில் பாய்ச்சும் பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர் கேம் வேகத்தில்தான் டிக் அடிக்கும். ஸ்க்ரூடிரைவரை ஒரு இன்ஜெக்டரில் வைத்துக் கேளுங்கள்: சந்தேக ஓசை அதோடு ஒன்றுக்கு ஒன்றாக வந்தால் வால்வுப் பக்கம், ஒன்றுக்கு இரண்டாக வந்தால் கிராங்குப் பக்கம். இதற்கு விதிவிலக்கு உண்டு. பிஸ்டன் தட்டல் எரியும் அடியில்தான் ஓங்கிக் கேட்பதால் பாதி வேகம் போலத் தோன்றும். எனவே இந்தச் சோதனை ஒன்றை வைத்தே தீர்ப்பு எழுதாதீர்கள்.

வால்வு டிக் டிக் என்று உறுதியானால் ஃபீலர் கேஜால் அளந்து, மேனுவல் சொல்லும் இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். பல இன்ஜின்களில் அது இன்டேக்குக்கு 0.2 மி.மீ. சுற்றி, எக்ஸாஸ்ட்டுக்குச் சற்றுக் கூடுதல். இங்கே ஒரு எச்சரிக்கை. சத்தம் போகட்டும் என்று இறுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பது சீட்டில் உட்காரும் அந்தக் கணத்தில்தான். முழுதாக மூடாத வால்வு ஓசையில்லாமல் ஓடி, ஓசையில்லாமல் கருகும். வருடக்கணக்கில் ஓடிய இன்ஜின் தானாகவே அமைதியாகிக்கொண்டு வந்தால்கூட ஒரு முறை இடைவெளியை அளந்து பார்க்கலாம். சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறினால் இடைவெளி குறையும்.

டொக் டொக் என்று ஆழத்திலிருந்து வருவதற்கு சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதே சிறந்த வழி. சாதாரண பெட்ரோல் இன்ஜினில் ஐட்லிங்கில் ஓட விட்டு, ஒரு இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிச் சில நொடி கேட்டு மாட்டுங்கள், பிறகு அடுத்தது. ஸ்பார்க் காயிலைக் கழற்றுவதைவிட இது மேல், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போகாது. செக் இன்ஜின் விளக்கு எரியும், பிறகு ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். டீசலிலும் நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோலிலும் ஓடும்போது கனெக்டரைத் தொடாதீர்கள். ஸ்கேனர் வழியாகவே சிலிண்டரை நிறுத்துங்கள். காமன் ரெயில் டீசலில் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் உயிருக்கே ஆபத்து: உள்ளே அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டக்கூடியது, தோலைத் துளைத்துச் செல்லும்.

ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் நன்றாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங் அல்லது பிஸ்டன். குளிரில் அதிகம் என்றால் பிஸ்டன். சூட்டில் அதிகம், 2,000 ஆர்பிஎம் சுற்றி ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடும்போது தெளிவாகக் கேட்கிறது என்றால் ராட் பேரிங். எரிதல் அழுத்தம் நின்றதும் சத்தம் இரட்டிப்பானால் பிஸ்டன் பின்னைச் சந்தேகியுங்கள். எதை நிறுத்தினாலும் மாறாதது வால்வுப் பக்கம், அல்லது இன்ஜினுக்கு வெளியே. அடுத்தடுத்த இரண்டை நிறுத்தினால்தான் குறைகிற கனத்த அதிர்வு, கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்காக இருக்கலாம்.

இதே சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தாலும் ஸ்டட் உடைந்தாலும் வரும் டப் டப், அந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் குறையும். குளிரில் ஓங்கி, உலோகம் விரிந்ததும் மூடிக்கொள்ளும். டேப்பெட் என்று நினைத்து ஹெட் கவரைக் கழற்றும் பலர் தேடுவது இதைத்தான். ஆறிய மேனிஃபோல்டின் ஓரத்தில் கருப்புக் கரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் குழாய் மீதியைச் சொல்லும்.

மேடேறும்போது மட்டும், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போல் சலசலவென்று கேட்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நிற்பது வேறு வியாதி: எரிபொருள் நேரம் தப்பி வெடிக்கிறது. பிஸ்டன் தலையில் கரி, அளவுக்கு மீறிய சூடு, ஆக்டேன் குறைந்த பெட்ரோல், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு வேலை செய்யாதது என்று காரணம் பல. ஒரு டேங்க் உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டு ஓட்டிப் பாருங்கள், நின்றுவிட்டால் பேரிங் மேல் பழி இல்லை. ஆனால் அப்படியே விட்டு ஓட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடையும்.

பேரிங் சந்தேகம் வலுத்தால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பாருங்கள். ஹேக்ஸா வேண்டாம்; அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து பொய் சாட்சி சொல்லும். ஃபில்டர் கட்டர் வைத்து வெட்டி, காகித மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுக்கு பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு தீர்ந்து அடியடுக்குக்கு இறங்கிவிட்டது. வண்டியை அங்கிருந்து ஓட்டாமல் ஏற்றிச் செல்லுங்கள். காந்தத்தில் ஒட்டுவது செயின், கேம், டேப்பெட் பக்கம். சம்பைக் கழற்றினால் பல வண்டிகளில் ராட் பேரிங்கைக் கீழிருந்தே பார்க்கலாம். ஆயில் நிற்கும் இடைவெளி அங்கே 0.02 முதல் 0.06 மி.மீ. அளவுதான், தலைமுடி அளவு. கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளக்காமல் புது பேரிங் மட்டும் மாட்டிக் கொடுப்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள். கீறல் விழுந்த ஜர்னலில் அது நெடுநாள் நிற்காது.

சம்பைத் தொடுமுன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினையும் கியர்பாக்ஸ் பக்கத்து டார்க் கன்வர்ட்டரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் நடுவில் விரிசல் விட்டாலோ, அதன் போல்ட் தளர்ந்தாலோ அச்சு அசலாக ராட் பேரிங் போலவே தட்டும். நியூட்ரலிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது ஓசையின் தன்மை மாறினால் கீழே உள்ள சிறு மூடியைக் கழற்றி, கிராங்கைக் கையால் சுற்றி, விரிசலைத் தேடுங்கள். மேனுவல் வண்டியில் கிளட்சை மிதித்ததும் நிற்கும் லொடலொட கியர்பாக்ஸ் பக்கமோ ஃப்ளைவீலோ; மிதித்தால் மட்டும் வருவது கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஒரே ஆர்பிஎம்மில் மட்டும் சலங்கை மாதிரி நடுங்குவது சைலன்சர் மேல் உள்ள வெப்பத்தகடு, ஒரு கிளாம்ப் போதும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்ததும் முதலில் ஹெட் கவரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் கேட்க வேண்டிய செயினும் பிஸ்டனும் எக்ஸாஸ்ட் கசிவும் உங்கள் காதுக்கு மறைக்கப்பட்டுவிட்டன. மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் போலக் கெட்டியாக இழுத்தால் பேரிங் சத்தத்தை அமுக்க மேனுவல் சொல்லாத கனத்த ஆயில் ஊற்றியிருக்கலாம். அந்த வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டு, 2,000 வரை ரேஸ் கொடுத்து மெல்ல விடுங்கள். கனத்த ஆயிலும் அந்தச் சூட்டில் நீர்க்கும்.