கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோல்தான் வேண்டும்

உடம்பில் கொப்புளம் கண்டால் நம் ஊரில் முதலில் சொல்லும் பெயர் அக்கி. காவி எழுதிவிட்டு ஒரு வாரம் காத்திருப்பார்கள். ஆனால் அக்கி ஒரு பக்கமாகப் பட்டையாகப் போகும். சில வாரங்களில் ஆறிவிடும். வாயில் மாதக்கணக்கில் ஆறாத புண், பிறகு மார்பிலும் முதுகிலும் தொட்டாலே உடையும் கொப்புளம் என்று வந்தால் நான் சந்தேகப்படுவது பெம்ஃபிகஸ் வல்காரிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தத் தோலைத் தாக்கும் நோய் இது. ஒட்டாது. தனித்தட்டு, தனிப்பாய் எல்லாம் வேண்டாம்.

எந்தப் புரதம் தாக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து நோய் மாறும். தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைப்பவை டெஸ்மோகிளீன்கள். எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) டெஸ்மோகிளீன் 3-ஐ மட்டும் தாக்கினால் பெரும்பாலும் வாயோடு நிற்கும். 1-ஐயும் சேர்த்துத் தாக்கினால் தோலும் உரியும். முதியவர்களுக்குக் கடும் அரிப்போடு வரும் இறுக்கமான கொப்புளம் பெரும்பாலும் புல்லஸ் பெம்ஃபிகாய்ட். அதில் தாக்கப்படுபவை, மேல்தோலை அடித்தோலோடு ஒட்டவைக்கும் பிபி180, பிபி230 என்ற புரதங்கள்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு துண்டு தோல் எடுப்போம். "ஏன் டாக்டர் ரெண்டு இடத்துல?" என்று கேட்காதவர்கள் குறைவு. புதுக் கொப்புளத்தின் ஓரத்தில் எடுப்பது, நுண்ணோக்கியில் பார்க்க, ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகும். இன்னொன்று கொப்புளத்தை ஒட்டிய, உரியாத தோல், தோலில் படிந்த எதிர்ப்புரதத்தை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் சோதனைக்கு. அதை ஃபார்மலினில் போட்டால் வீண். இந்தச் சோதனைக்கென்றே உள்ள மைக்கேல் திரவம் வேண்டும். ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேருமென்றால் நார்மல் சலைன் என்ற உப்பு நீரே போதும். இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு அனுப்பும் கூத்து இன்னும் நடக்கிறது.

செல்களுக்கு இடையே வலைபோல ஒளிர்ந்தால் பெம்ஃபிகஸ். மேல்தோலுக்கு அடியில் ஒரே கோடாக ஒளிர்ந்தால் வேலை முடியவில்லை. பல நோய்கள் அப்படித்தான் தெரியும். அதனால், உப்புக் கரைசலில் ஊறவைத்து மேலும் கீழுமாகப் பிரித்த தோலில் நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) விட்டுச் சோதிப்பார்கள். பிரிந்த இடத்தின் மேல்புறமான கூரைப் பக்கம் ஒளிர்ந்தால் பெரும்பாலும் பெம்ஃபிகாய்ட். கீழ்புறமான தரைப் பக்கம் என்றால் கொலாஜன் 7 என்ற புரதத்தைத் தாக்கும், எளிதில் மருந்துக்கு அடங்காத எபிடெர்மோலைசிஸ் புல்லோசா அக்விசிட்டாவாக இருக்கலாம். லாமினின் 332 என்ற புரதத்தைத் தாக்கும் நோயும் தரைப் பக்கமே காட்டும். அது உறுதியானால் உடம்பில் புற்றுநோய் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு வில்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் பெம்ஃபிகாய்ட் கூடுதலாகக் காணப்படுகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள்.