சொல் விளக்கம்: சுரங்கக் காற்றோட்டம்

பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா) போன்ற சிலாங்கூர்த் தோட்டப் பட்டணங்களில் 'வென்டிலேஷன்' என்றதும் சன்னலும் கூரையடித் துளைகளுமே பலருக்கு நினைவில் வரும். அதே வட்டாரத்திலுள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை மலாயன் கொல்லியரீஸ் நிறுவனம் திறந்தவெளியிலும் நிலத்தடியிலும் நிலக்கரி வெட்டியது. அங்கு உழைத்தவர்களில் தமிழரும் இருந்தனர். அவர்கள் இறங்கிய நிலத்தடியில் அச்சொல் மூச்சோடும் உயிரோடும் தொடர்புடையது.

இலத்தீனில் 'வென்டுஸ்' என்பது காற்று. அதிலிருந்து வந்த 'வென்டிலாரே' என்னும் வினைக்கு விசிறுதல், தூற்றுதல் என்பன பொருள். அதாவது, ஒருவர் முயன்று காற்றை அசைக்கும் செயலே அச்சொல்லின் வேர். மலாயிலுள்ள 'பெங்ஊடாராஅன்' என்பதும் 'ஊடாரா', அதாவது காற்று, என்னும் சொல்லின்மேல் முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்து செயலைக் குறிப்பதாகும்.

தமிழில் காற்றுக்கு வளி, கால் என்னும் பழஞ்சொற்களும் உண்டு. சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்று சன்னலைச் சொல்கிறது. கால் காற்று, அதர் வழி. அழகிய சொல்தான், எனினும் அது காற்று தானே வந்துபோகும் திறப்பைக் குறிப்பதால் சுரங்கத்துக்குப் பொருந்தாது. இன்று நிலைத்துவிட்ட 'காற்றோட்டம்' என்பதில் ஓட்டம் 'ஓடு' என்னும் தன்வினையிலிருந்து பிறந்தது. சுரங்கத்திலோ காற்றை ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே நிலையைக் குறிக்கக் காற்றோட்டம் என்றும், பணியைக் குறிக்கப் பிறவினையில் காற்றோட்டுதல் என்றும், அதற்கான முதன்மை விசிறியைக் காற்றோட்டி என்றும் வழங்குவதே தெளிவு என்பது என் கருத்து.

ஓட்ட வேண்டிய காரணங்கள் பல. ஆள்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். வெடிப்புகை, டீசல் புகை, தூசு, பாறையின் வெப்பம் ஆகியவை வெளியேற வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தில் கசியும் மீத்தேன், காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கையில் வெடிக்கக்கூடியது. அந்த அளவை நெருங்கவிடாமல் அதை நீர்க்கச் செய்து அகற்றுவதே முதற்கடமை. இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் 1862இல் உள்ளே இறங்க இருந்த ஒரே குழிவழி அடைபட்டு 204 பேர் மாண்டபின், இரண்டு வழிகள் இருக்க வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது. காற்று இறங்கும் குழி, காற்று ஏறும் குழி என அவ்விரண்டையும் தமிழில் எளிதாகச் சொல்லலாம்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகையூட்டும் கொட்டகையில் சூடான காற்று மேலேறி வெளியேற, கீழிருந்து புதுக்காற்று நுழையும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்கள் பலவற்றிலும் காற்று ஏறும் குழியின் அடியில் உலை மூட்டி இவ்வாறே காற்றை இழுத்தனர். மீத்தேன் உள்ள இடத்தில் திறந்த நெருப்பு எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் அதன் இடத்தை இயந்திர விசிறி பிடித்தது.

விசிறியைப் பெரிதாக்கினால் போதும் என்று எண்ணுவது தவறு. ஒரே பாதையில் காற்றின் அளவை இரு மடங்காக்க நான்கு மடங்கு அழுத்தமும், எட்டு மடங்கு திறனும் தேவைப்படும். அதனால் வடிவமைப்பாளர் பாதையை அகலப்படுத்தவோ இணைப்பாதை அமைக்கவோ முதலில் பார்ப்பார். காற்று எளிய வழியையே நாடும். குறுக்கு வழியை அடைத்து நிற்கும் காற்றுக் கதவு ஒன்று திறந்து கிடந்தால், காற்று ஆள்கள் வெட்டும் இடமான வெட்டுமுகத்தை எட்டாமலே அவ்வழியே வெளியேறிவிடும். போக்குவரத்து உள்ள இடங்களில் இரட்டைக் கதவு அமைத்து, ஒன்று மூடியபின்னரே மற்றதைத் திறப்பது இதனால்தான்.

சுரங்கக் காற்றோட்டத்தைச் சிலர் 'காற்றூட்டல்' என்று எழுதுகிறார்கள். அச்சொல்லை நீரில் காற்றைக் கலக்கும் பணிக்கே விட்டுவிடுவது நல்லது. சுரங்கத்தில் காற்றை ஊட்டுவது மட்டுமே வேலையன்று. பத்து ஆராங் நிலக்கரி தானாகவே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. அத்தகைய சுரங்கத்தில் வெட்டிமுடித்த பகுதிக்குள் கசியும் சிறிதளவு காற்று, சூட்டை அகற்றப் போதாமல் நெருப்புக்கு ஆக்சிஜனை மட்டும் கொடுக்கும். எனவே அப்பகுதியைச் சுவரெழுப்பி அடைப்பார்கள். காற்றை எங்கே செலுத்துவது, எங்கே தடுப்பது என்னும் இரண்டும் காற்றோட்டுதலில் அடங்கும்.