கம்பியை மூடும் முன் பார்த்தது யார்?

அரசுக் கட்டடம் சில வருஷத்திலேயே விரிசல் விட்டால் "சிமெண்ட்டைக் குறைத்துவிட்டார்கள்" என்போம். அதுவும் நடக்கும்தான். ஆனால் நல்ல சிமெண்ட் போட்ட கட்டடமும் கெடும். ஒப்பந்தத்தை நடத்துகிற விதத்தில்தான் பாதித் தரம் இருக்கிறது.

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) மேல் ஏறி, கம்பியின் விட்டத்தையும் இடைவெளியையும் அளந்து, அடியில் கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கி வைக்கும் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, எழுத்தில் அனுமதி தரவேண்டும். கான்கிரீட் விழுந்தபின் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. கவர் இல்லாமல் பலகையோடு ஒட்டிக் கிடந்த கம்பியில் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். துரு உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பெயர்த்துத் தள்ளும். பன்னாட்டுப் பணிகளில் பரவலாகப் பயன்படும் ஃபிடிக் (பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) மாதிரி ஒப்பந்தத்தின் 1999 சிவப்புப் புத்தகம் இதற்கு 7.3 என்ற தனிப் பிரிவே வைத்திருக்கிறது: மூடும் முன் ஒப்பந்ததாரர் தகவல் சொல்ல வேண்டும்; சொல்லாமல் மூடினால், கேட்கும்போது தன் செலவிலேயே திறந்து காட்டிச் சரிசெய்ய வேண்டும். விதி நல்ல விதி. ஆனால் ஒரே பொறியாளர் தலையில் ஐந்தாறு சைட்டைக் கட்டினால், கான்கிரீட் இன்று விழும், கையெழுத்து நாளை வரும்.

சோதனையும் அப்படித்தான். போட்ட கான்கிரீட்டில் எடுத்த 15 செ.மீ. கனசதுர மாதிரியை 28-ம் நாள் நசுக்கிப் பார்ப்பதற்குள் மேல்தளத்து வேலை தொடங்கியிருக்கும். சாதாரண சிமெண்ட்டில் 7-ம் நாளிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்துவிடும். அது குறைந்தால் அன்றே வேலையை நிறுத்தும் அதிகாரம் சைட்டில் இருப்பவருக்கு வேண்டும்.

பணம் பட்டுவாடாவைத் தரத்தோடு யாரும் சேர்த்துப் பேசுவதில்லை, பேச வேண்டும். அதே ஃபிடிக்கில், பில்லும் ஆவணங்களும் பொறியாளர் கைக்கு வந்த 56 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. பில் மாதக்கணக்கில் தேங்கினால் ஒப்பந்ததாரர் முதலில் நிறுத்துவது கியூரிங்குக்கு, அதாவது கான்கிரீட் ஈரமாகவே இருந்து இறுகத் தண்ணீர் ஊற்றும் ஆளைத்தான். வெளியே தெரியாத சிக்கனம் அது. அடிமாட்டு விலைக்கு டெண்டர் எடுத்தவரிடம் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கடைசியாகக் கையில் இருப்பது பில்லில் பிடித்து வைத்த தொகை. வேலை முடிந்தபின் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலம் தீரும்வரை அதில் ஒரு பகுதி நிற்கும். அதை விடுவிக்கும் கோப்பில் கையெழுத்துப் போடும் முன், ஒரு நல்ல மழைக்கு மறுநாள் யாராவது மாடி ஏறிப் பார்த்து, கண்டதை எழுதி அந்தக் கோப்பிலேயே சேர்க்க வேண்டும்.