பிரேம்ல இருக்கற கட்டடம் மட்டும் எப்படி நேரா நிக்குது?

எம்பயர் ஸ்டேட், கிரைஸ்லர், புர்ஜ் கலீஃபா மாதிரி கட்டடங்கள கருப்பு வெள்ளையில பெருசா பிரிண்ட் போட்டு, பிரேம் பண்ணி, சோபாவுக்கு மேல மாட்டி வெச்சிருக்கறத பாத்திருப்பீங்க. ரெண்டு ஓரமும் ஸ்கேல் வெச்சு இழுத்த கணக்கா நேரா இருக்கும். அதே கட்டடத்துக்குக் கீழ நின்னு போன்ல எடுத்தா மேல போகப்போக குறுகி, அப்படியே பின்னாடி சாயற மாதிரி வரும். உடனே நாம லென்ஸத்தான் திட்டுவோம், பாவம் அது மேல தப்பே இல்ல.

விஷயம் சென்சார், அதாவது கேமராவுக்குள்ள பிம்பம் விழற தகடு, எப்படி நிக்குதுங்கறதுலதான் இருக்கு. சென்சார் செங்குத்தா, கட்டட முகப்புக்கு இணையா இருந்தா கேமரா பாக்கற திசையில அளக்கும்போது முதல் மாடியும் கடைசி மாடியும் ஒரே ஆழத்துல இருக்கும், அதனால ரெண்டும் ஒரே அகலத்துல விழும். உச்சியும் உள்ள வரணும்னு கேமராவ அண்ணாத்துன உடனே சென்சார் சாஞ்சிடுது, உச்சியோட ஆழம் கூடிடுது, அகலம் சுருங்கிடுது. அவ்வளவுதான்.

அப்போ நேர்ல அண்ணாந்து பாக்கும்போது ஏன் சாயற மாதிரி தெரியலன்னு கேப்பீங்க. கண்ணுக்குள்ள விழற பிம்பத்துலயும் இதே குறுகல் இருக்கு, ஆனா கழுத்து மேல திரும்பியிருக்குன்னு மூளைக்குத் தெரியும், அத கணக்குல கழிச்சுடும். சுவத்துல தொங்கற படத்த நேரா நின்னு பாக்கறோம், கழுத்து தூக்கல, அதனால மூளைக்கு கழிக்க ஒண்ணும் இல்ல. அதே படத்த உயரத்துல, எடுத்தப்போ கேமரா சாஞ்ச அளவுக்கு முன்பக்கமா சாச்சு மாட்டி, கீழ சரியான இடத்துல நின்னு பாத்தா கட்டடம் நிமிந்துடும். யாரும் அப்படி மாட்ட மாட்டாங்க, ஆனா ஜியாமெட்ரிப்படி அது சரிதான்.

சரி, போட்டோகிராபருங்க என்ன பண்றாங்க? கேமராவ சாய்க்காம, லென்ஸ மட்டும் மேல நகத்தறாங்க. 1930-கள்ல பெரனிஸ் ஆபட்ங்கற அமெரிக்க போட்டோகிராபர் நியூயார்க்க 8×10 இஞ்ச் பிலிம் போடற பெரிய வியூ கேமராவுல எடுத்தாங்க, அந்த வகை கேமராவுல பின்னாடி பிலிம் செங்குத்தாவே இருக்கும், துருத்திக்கு முன்னாடி இருக்கற லென்ஸ் பலகைய தனியா உயத்திக்கலாம். 1960-களோட ஆரம்பத்துல நிக்கான் அதே வேலைய சின்ன கேமராவுக்கும் கொண்டுவந்துச்சு, அதத்தான் ஷிஃப்ட் லென்ஸ்னு சொல்றோம்.

எவ்வளவு லாபம்னு கணக்கு போட்டா நல்லா புரியும். எம்பயர் ஸ்டேட் கூரை வரைக்கும் 381 மீட்டர். சென்சாரோட 36 மில்லிமீட்டர் நீளப் பக்கம் உயரமா வர்ற மாதிரி கேமராவ திருப்பிப் பிடிச்சு, 24 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, சாய்க்காம எடுத்தா தொடுவானம் நட்ட நடுவுல விழும், மேல மிச்சம் 18 மில்லிமீட்டர்தான், படத்துல கீழ் பாதி பூரா ரோடு. உச்சி உள்ள வர 508 மீட்டர் தள்ளி நிக்கணும். லென்ஸ 12 மில்லிமீட்டர் உயத்துனா மேல 30 மில்லிமீட்டர் கிடைக்கும், 305 மீட்டர் போதும். மன்ஹாட்டன்ல இந்த 200 மீட்டருக்குள்ள எத்தன கட்டடம் குறுக்க வந்து மறைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவுக்கு ஷிஃப்ட் பண்ணியும் 660 மீட்டர் தூரமாவது போகணும்.

இன்னொரு வழி, நாமளும் மேல ஏறிடறது. ராக்கஃபெல்லர் சென்டரோட 70-வது மாடியில இருந்து எம்பயர் ஸ்டேட் ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, பாதிக்கு மேலான உயரத்துல நிக்கறதால கேமராவ சாய்க்கவே வேண்டாம். பிரேம் போட்டு விக்கற எம்பயர் ஸ்டேட் படங்கள்ல இந்தக் கோணம் ரொம்ப சகஜம். உங்க படத்துல கேமரா சாயலன்னா தொடுவானக் கோடு எந்த மாடிய வெட்டுதுன்னு பாருங்க, ஏறக்குறைய அந்த மாடி உயரத்துலதான் கேமரா இருந்திருக்கு.

சாப்ட்வேர்ல நிமித்தறதும் உண்டு. ஆனா அது உச்சிய இழுத்து அகலமாக்குது, புதுசா விவரம் எதுவும் சேக்கறதில்ல, அதனால பெரிய பிரிண்ட்ல மேல் மாடி ஜன்னல் மட்டும் மங்கலா தெரிஞ்சா இதுதான் காரணமா இருக்கும். ரொம்ப நிமித்துனா தலை பெருத்துப்போன மாதிரியும் ஆயிடும், அதான் விவரமானவங்க துளி குறுகல விட்டு வைப்பாங்க.

மாட்டறவங்க கவனிக்க வேண்டியது தூரம். லென்ஸோட போகல் லெங்த்த, அதாவது 24 மில்லிமீட்டர் லென்ஸ்னு சொல்றோமே அந்த அளவ, சென்சார்ல விழுந்த படத்த விட பிரிண்ட் எத்தன மடங்கு பெருசோ அதால பெருக்குனா பாக்க வேண்டிய தூரம் வரும். 36 மில்லிமீட்டர் படத்த 90 சென்டிமீட்டரா ஆக்குனா 25 மடங்கு. 24 மில்லிமீட்டர் லென்ஸ்னா 60 சென்டிமீட்டர்ல நிக்கணும், 100 மில்லிமீட்டர்னா ரெண்டரை மீட்டர். எதிர் சுவர் பக்கம் உக்காந்து பாக்கறதுக்கு தூரத்துல இருந்து எடுத்த படந்தான் இயல்பா இருக்கும். கிட்ட நின்னு வைட் லென்ஸ்ல எடுத்ததுன்னா ஆழம் கூடுதலா தெரியும், 1902-ல கட்டின ஃபிளாட்அயர்ன் மாதிரி முக்கோணக் கட்டடத்தோட மூக்கு நிஜத்துல இருக்கறத விட கூர்மையாவே தெரியும். எனக்கு அதுதான் புடிக்கும், அது வேற விஷயம்.