ரோட்டர் தலையில் ஒரு வெற்றிலைக் கவுளி

மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தேர்தல் சமயத்தில் எங்கள் ஊர் மைதானத்தில் ஒரே வாரத்தில் இரண்டு ஹெலிகாப்டர்கள் இறங்கின. முதலில் வந்ததற்கு இரண்டே பிளேடு. அது வருகிற 'தடதட' சத்தம் ஊர் எல்லையிலேயே கேட்டுவிட்டது. அடுத்து வந்ததற்கு மூன்று பிளேடு, சத்தமும் அவ்வளவு இல்லை. இரண்டும் ஒரே கம்பெனியுடையது என்றார்கள். எது நல்லதோ அதையே வாங்காமல் ஏன் வகைக்கொன்றாக வைத்திருக்கிறார்கள்?"

வேலைக்கு ஏற்ற வண்டி என்பது பாதிப் பதில். நான்கு பேர் உட்காரும் ராபின்சன் ஆர்44 பிஸ்டன் எஞ்சினில் ஓடுவது. அதற்கு ஏவ்கேஸ் எனும் விமானப் பெட்ரோல் வேண்டும்; எல்லா விமான நிலையத்திலும் அது கிடைக்காது. பெல் 206, ஏர்பஸ் எச்125 இரண்டும் ஒற்றை டர்பைன் எஞ்சின் கொண்டவை. பயணிகள் விமானங்களுக்கு ஊற்றும் அதே எரிபொருளில் பறந்துவிடும். கூட்டமாக ஆட்களை ஏற்ற வேண்டுமென்றால் இரட்டை எஞ்சின் பெல் 412. பராமரிப்பு உரிமமும் ஒன்றல்ல: டர்பைன் ஹெலிகாப்டருக்குக் கையெழுத்திட பி1.3, பிஸ்டனுக்கு பி1.4.

உயரமும் வெயிலும் இதில் சேரும். மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 140 மீட்டர்தான். ஆனால் மே மாதம் 40 டிகிரி கொதிக்கும் மதியத்தில் அங்குள்ள காற்றின் அடர்த்தி சுமார் 1,100 மீட்டர் உயரத்துக் காற்றுக்குச் சமமாகிவிடும். 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் 20 டிகிரி இதமான பகலிலேகூட அந்தக் கணக்கு 2,800 மீட்டரைத் தொடும். மதுரையில் எல்லாரையும் தூக்கிக்கொண்டு கிளம்பிய வண்டி, மலைமேல் அதே சுமையோடு எழும்பத் திணறலாம். உயரத்துக்கென்றே எச்125 வைத்திருப்பார்கள். அதன் முந்தைய பெயரான ஏஎஸ்350 பி3 வகைதான் 2005 மே 14 அன்று எவரெஸ்ட் உச்சியில் இறங்கியது.

மீதிப் பாதிப் பதில் பிளேடுகள் வந்து சேரும் நடுத்தலையில் இருக்கிறது. இரண்டா மூன்றா என்ற எண்ணிக்கையைவிட, பிளேடு எந்த இடத்தில் அசைந்துகொடுக்கிறது என்பதுதான் வண்டிக்கு வண்டி மாறுகிறது.

அசைந்துகொடுக்காவிட்டால் என்ன ஆகும்? பெல் 206 ஜெட்ரேஞ்சரின் ரோட்டர், அதாவது தலைமேல் சுழலும் பிளேடுகளின் வட்டம், 10.16 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 394 சுற்று. பிளேடு நுனியின் வேகம் விநாடிக்கு 210 மீட்டர் வருகிறது. வண்டி மணிக்கு 200 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 55 மீட்டரில் முன்னே போகும்போது, வலப்பக்கம் எதிர்காற்றில் பாயும் நுனிக்கு 265 மீட்டர் வேகக் காற்று. இடப்பக்கம் பின்வாங்கும் நுனிக்கு வெறும் 155. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நுனியில் வலது இடதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தூக்கும். பிளேடை விறைப்பாகப் பூட்டியிருந்தால் வண்டி இடப்பக்கம் கவிழ்ந்துவிடும். ஸ்பெயின் நாட்டு ஹுவான் தெ லா சியர்வாவின் முதல் ஆட்டோஜைரோக்கள் (எஞ்சின் சுழற்றாமல் காற்றோட்டத்திலேயே ரோட்டர் சுழலும் விமானங்கள்) அப்படித்தான் கவிழ்ந்தன. அவர் செய்த சிறு மாதிரி மட்டும் ஒழுங்காகப் பறந்தது, ஏனென்றால் அதன் பிளேடுகள் வளையும் பிரம்பால் ஆனவை. அந்தப் பிரம்பின் வேலையைக் கீல் வைத்துச் செய்யலாம் என்று கண்டுகொண்டார். 1923 ஜனவரியில் அவருடைய சி.4 பறந்தது. அதிகம் தூக்கும் பிளேடு மேலே எழும்பும், எழும்பும்போதே காற்றை அது வெட்டும் கோணம் குறையும், தூக்குவிசை தானாகத் தணியும். எதிர்ப்பக்கம் இதன் தலைகீழ்.

பெல் 206இல் இந்தக் கீல் ஒன்றே ஒன்று. இரண்டு பிளேடும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டு, ஏறுபலகைபோல நடுவில் ஆடும்: ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பிளேடு பொருந்தும் நுகம் கீல் அச்சுக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி வைத்திருப்பதில்தான் சூட்சுமம். சுமையோடு சுழலும்போது பிளேடுகள் கிண்ணம்போல மேல்நோக்கி வளையும். அப்போது அவற்றின் எடைமையம் கீல் மட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் எடைமையம் உள்ளே வெளியே போய்வரும், பிளேடு வேகம் கூட்டிக் குறைத்து நடுத்தலையை உலுக்கும்.

பாகங்கள் குறைவு, சோதிப்பது எளிது, இரண்டு பிளேடையும் வால்பக்கம் நேராக நிறுத்தினால் ஒடுக்கமான கொட்டகையிலும் நுழையும். விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டும். இந்த ரோட்டருக்கு வண்டி தொங்கினால்தான் பிடி. விமானி திடீரென்று மூக்கைக் கவிழ்த்து எடையில்லாத நிலை வந்துவிட்டால், கண்ட்ரோலை ஆட்டினாலும் உடல் அதைப் பின்தொடராது. ஏறுபலகை அளவு மீறிச் சாய்ந்து, சுழலும் தண்டான மாஸ்ட்டை நடுத்தலையே இடிக்கும். மாஸ்ட் துண்டாகலாம். ஆர்44, பெல் 206 ஓட்டுபவர்களுக்கு மலைக்காற்றில் வேகத்தைக் குறை, மூக்கைத் தள்ளாதே என்று பாடம் எடுப்பது இதனால்தான்.

வாசகர் கேட்ட தடதடப்புக்கும் விடை இங்கேயே இருக்கிறது. 33 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு பிளேடுகள் விநாடிக்கு 13 முறை அடித்துச் செல்கின்றன. எச்125இன் மூன்று பிளேடுகள் விநாடிக்குப் பத்தொன்பது இருபது முறை, மொத்தச் சுமையை மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டு.

மூன்று பிளேடு வந்ததும் ஏறுபலகை உதவாது. ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைய வேண்டும், தன்னைத்தானே முறுக்கிக் கோணமும் மாற்ற வேண்டும். பழைய வடிவங்களில் இதற்கு மூன்று கீல்கள், அவற்றுக்குள் பேரிங்குகள், ஓயாமல் கிரீஸ். இத்தனைக்கும் நடுவே பிளேடு பறந்துபோகாமல் பிடித்திருக்கவும் வேண்டும். 40 கிலோ பிளேடு ஒன்று, எடைமையம் இரண்டரை மீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 390 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 17 டன். மாட்டுத்தாவணியில் ஆள் நிரம்பிக் கிளம்பும் ஒரு பஸ்ஸைத் தொங்கவிட்டதுபோல. அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டே எல்லாத் திசையிலும் இலகுவாக அசைகிற ஒரு மூட்டு வேண்டும்.

அந்த மூட்டு ரப்பர். அதுவும் தனி ரப்பர் அல்ல, ரப்பர் ஏடும் எஃகுத் தகடும் மாறி மாறி ஒட்டிய அடுக்கு.

சோழவந்தான் வெற்றிலைக் கவுளி ஒன்றை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள், கொஞ்சமும் இறங்காது. அதே அழுத்தத்தோடு கையை லேசாகத் திருகினால் இலைக்கு இலை நூலளவு நகர்ந்து முழுக் கட்டும் திரும்பிக்கொடுக்கும். ரப்பர் அடுக்கில் வழுக்கல் கிடையாது, ஒவ்வொரு ஏடும் உள்ளுக்குள் சரிகிறது. மற்றபடி நடப்பது அதேதான். ரப்பரின் கனஅளவைச் சுருக்குவது தண்ணீரைச் சுருக்குவதுபோலப் பாடு. ரப்பர் கட்டி அமுங்குவதாக நமக்குத் தெரிவது, அது பக்கவாட்டில் பிதுங்குவதால்தான். மெல்லிய ஏடாக்கி இருபுறமும் எஃகுத் தகட்டோடு ஒட்டிவிட்டால் பிதுங்க வழியில்லை. மொத்த ரப்பரைக் குறைக்காமல் ஏட்டின் தடிமனை மட்டும் பாதியாக்கினால், அமுக்கத்துக்கு எதிரான விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். சரிவுக்கு எதிரான விறைப்பு இருந்தபடியே இருக்கும். ஒரு திசையில் கல், மறு திசையில் களி. மேம்பாலத் தூண்களின் தலையில் வைக்கும் பேரிங் அட்டைகளிலும் இதே தந்திரம்தான்.

எச்125இல் இந்த ஏடுகள் தட்டையாக இல்லாமல் ஒரே மையம் கொண்ட கோளத் துண்டுகளாக வளைந்திருக்கின்றன. அதனால் ஒரே மூட்டு மேல்கீழ், முன்பின், முறுக்கு மூன்றையும் தருகிறது. ஸ்டார்ஃப்ளெக்ஸ் என்னும் கண்ணாடி இழை நட்சத்திரத்தின் துளைக்குள் அது உட்கார்ந்திருக்கும். பிளேடைப் பிடித்த கவசம் அதைத் தாண்டி உட்பக்கம் வந்து கவ்வுகிறது. ஆகவே பிளேடு வெளியே இழுக்க இழுக்க, ரப்பர் நட்சத்திரத்தோடு சேர்த்து நசுக்கப்படுகிறது. இழுத்தால் பிரியக்கூடிய பொருளை நசுக்கும் சுமைக்கு மாற்றி வைத்த இந்த ஓர் ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் மனம் நிறைகிறது. ஒரு மணி நேரப் பறப்பில் அந்த ரப்பர் 23,400 முறை அசைகிறது. ஒரு சொட்டு கிரீஸ் தேவையில்லை.

இது சட்டென்று உடையாது, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தேயும். முதலில் பென்சில் அழித்த இடத்தில் கிடப்பதுபோல ரப்பர்த் துகள்கள் விளிம்பில் உதிரும். துகள் மட்டுமென்றால் துடைத்துவிட்டு நீளம், ஆழம் குறித்து வைப்பார்கள். ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்திருந்தாலோ, கையேடு சொல்லும் அளவைத் தாண்டி விரிசல் ஆழமாகியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். பெரிய எதிரி எண்ணெய். ஹைட்ராலிக் கசிவோ, மண்ணெண்ணெய் நனைத்த துணியோ பட்டால் ரப்பர் ஊறி மென்மையாகும். துடைக்கச் சோப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் போதும்.

பிளேடுகள் முன்பின் அசையும் வண்டிகளுக்கு உரிய ஆபத்து தரையில் காத்திருக்கிறது. உழுத நிலத்திலோ மேடுபள்ளத்திலோ சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் சறுக்குக்கால்களில் ஒன்று முதலில் தட்டினால் பிளேடுகளுக்கு இடையிலான கோணம் கலையும். ரோட்டரின் எடைமையம் ஓரமாக நகர்ந்து சுற்றும். அந்தச் சுற்றின் துடிப்பும் கால்கள்மேல் உடல் ஆடும் துடிப்பும் ஒத்துப்போனால் சில விநாடிகளில் வண்டி தன்னைத்தானே உதறிப் பிரித்துவிடும். ரோட்டர் முழு வேகத்தில் இருந்தால் உடனே மேலே எழும்பிவிட வேண்டும், இல்லையென்றால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இதைத் தடுக்கத்தான் பிளேடு வேரில் ரப்பர் அடக்கிகளும், சறுக்குக்கால்களில் அதிர்வடக்கிகளும், பின்முனையில் வளையும் எஃகுப் பட்டைகளும். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று விட முடியாது.

நம் பக்கத்து மண் பிளேடுக்குத் தனி வேலை வைக்கிறது. மேலூர்க் கிரானைட் தூளும் திருமங்கலத்துக் கரிசல் புழுதியும் பிளேடின் முன்விளிம்பை மணல்தாள்போலத் தேய்க்கின்றன. ஆர்44இல் நுனிப்பக்கத்து வண்ணம் தேய்ந்து, தோல்தகடும் முன்தண்டும் ஒட்டிய கோடு வெளியே தெரிந்தால், காற்று அந்த ஒட்டைக் கிளப்பத் தொடங்கும். சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம், ஒரு நாணயம் போதும். விரல் விட்டு விரல் தட்டிக்கொண்டே போவார்கள். ஒட்டு நன்றாக இருக்கும் இடம் 'டிங்' என்று கணீரென ஒலிக்கும், பிரிந்த இடம் 'டொக்' என்று மந்தமாகும். மானாமதுரையில் கடம் செய்பவர் தட்டிக் குறை காண்பதும் இதே காதுதான்.

இறங்கு மைதானத்தில் தண்ணீர் தெளிப்பது புழுதிக்காக என்பது பலருக்குத் தெரியும். 'எச்' எழுத்தை வெறும் சுண்ணாம்புப் பொடியால் போட்டால் அதுவும் எஞ்சினுக்குள்தான் போகும் என்பது தெரிவதில்லை. கரைத்துப் பூச வேண்டும். ராமேஸ்வரம், தூத்துக்குடி போய்த் திரும்பிய டர்பைனுக்கு உப்புக் கழுவல் அன்றைக்கே வேண்டும், தாது நீக்கிய தண்ணீரில்.

ஆயுத பூஜையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொழிற்கருவியை வணங்குவது நல்ல மரபு. ஆனால் காற்றழுத்தம் அளக்கும் சிறு துளைகளில் சந்தனம் அப்பினால் வேகமானியும் உயரமானியும் பொய் சொல்லும். ரோட்டரில் சுற்றிய மாலையின் நூல் எங்கே போய்ச் சிக்கும் என்று சொல்ல முடியாது. பொட்டைக் கருவிப்பெட்டிக்கு வைக்கலாம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற நம்பிக்கை, போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரென்ச்சைக் காலாகாலத்தில் அளவு சரிபார்க்க அனுப்புவதற்கு ஈடாகாது.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. ரப்பர் நம் தெற்கே குமரி மாவட்டத்தில் பால் வடிகிறது. இங்கே பறக்கும் பெல்களுக்கும் ஏர்பஸ்களுக்கும் உரிய ரப்பர் அடுக்குகளோ கடல் கடந்து வருகின்றன. எஃகோடு ரப்பரை ஒட்டுவதும், லட்சக்கணக்கான முறை அசைத்து அதன் ஆயுளை அளப்பதும் பொறுமையான, விளம்பரமில்லாத ஆராய்ச்சி. தென் மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றிலாவது அப்படி ஒரு சோதனைக்கூடத்துக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த முறை மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கினால், ரோட்டர் நின்றபின் கயிற்றுக்கு வெளியே நின்றே அதன் தலையைப் பாருங்கள். நடுவில் ஏறுபலகைபோல ஒரு கட்டை சாய்ந்திருந்தால் அது பெல் 206 குடும்பம். ஏறுபலகைக் கீலோடு பிளேடுக்கொன்றாக இன்னும் இரண்டு கீல்கள் தெரிந்தால் ராபின்சன். மூன்று கை நட்சத்திரம் தெரிந்தால் எச்125. அதன் பிளேடுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அடையாள வண்ணம் இருக்கும், எந்தப் பிளேடில் எவ்வளவு எடை கூட்டினோம் என்று பராமரிப்பவர்கள் குழம்பாமல் இருக்க. மேலிருந்து பார்த்தால் அமெரிக்க வண்டிகளின் ரோட்டர் இடஞ்சுழியாகவும், பிரெஞ்சு எச்125 வலஞ்சுழியாகவும் சுற்றும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் விமானி, எழும்பும்போது எந்தக் கால் மிதியை அழுத்துவது என்பதையே திருப்பிப் பழக வேண்டும்.