ரிவர்ப் பெடலை மாற்றுவதற்கு முன்

இரைச்சல் தாங்க முடியவில்லை என்று பழுதுபார்க்கக் கொண்டுவரப்படும் ரிவர்ப் பெடல்களில் (கிட்டார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும், காலால் இயக்கும் கருவிகளில்) பெரும்பாலானவற்றில் பழுதே இருப்பதில்லை. அண்மையில் ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் கலைஞர் மூன்றாவது பெடலையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அப்போதும் ரீங்காரம் அடங்காததால், ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முள்ளை அறுத்தெடுத்துவிட்டு வந்திருந்தார். ரீங்காரம் நின்றுவிட்டதே என்பது அவருடைய வாதம். இப்படி வருபவர் இவர் ஒருவரல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உயிர் பற்றிய செய்தி. 1972-இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கை மேடையில் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். உலோகத் தந்தியில் கையும் மைக்கில் உதடும் படும் நிலையில் வாசிப்பவருக்கு எர்த் இணைப்பே காவல். ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் வெவ்வேறு இடங்களில் மின்சாரம் எடுத்து, சிக்னல் கேபிளின் உறை வழியாக மீண்டும் இணையும்போது உருவாகும் வளையம்தான் பெரும்பாலும் அந்த ரீங்காரத்துக்குக் காரணம். இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். அடங்காவிட்டால், கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் சிறு பெட்டியான டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். அது சிக்னல் கேபிளின் உறையை மட்டுமே பிரிக்கும், உங்கள் பாதுகாப்பைத் தொடாது. எர்த் முள்ளில் தயவுசெய்து எவரும் கைவைக்காதீர்கள்.

இனி, இத்தனை வீண்செலவுக்கும் வேராக இருக்கும் எண்ணத்துக்கு வருகிறேன். பெடலை மிதித்தவுடன் 'ஸ்ஸ்' என்ற ஒலி கூடுகிறது, மீண்டும் மிதித்தால் குறைகிறது. ஆகவே பெடல்தான் இரைச்சலை உண்டாக்குகிறது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ரிவர்ப் என்பது தன்னிடம் வருவது எதுவானாலும் அதை நூற்றுக்கணக்கான சிறு எதிரொலிகளாக்கி மூலத்தோடு சேர்த்துத் தரும் கருவி. தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பிலும், அதை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பிலும் பிறந்த இரைச்சல் தந்தியின் ஒலியோடு உள்ளே நுழைந்தால், அதுவும் எதிரொலிகளாகிச் சேர்ந்தே வெளிவரும். தந்தியின் ஒலி தேய்ந்துவிடும், இரைச்சலோ தேயாது; அதனால் இரண்டு ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட இடத்தில் அது மட்டும் தனித்துக் கேட்கிறது. இன்னும் விலை உயர்ந்த பெடலை வைத்தாலும், உள்ளே போகும் இரைச்சல் அப்படியே இருக்கும்வரை வெளியே வருவதும் அப்படியேதான் இருக்கும்.

சந்தேகம் உள்ளவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வெற்று ஜாக் பிளக் ஒன்றை எடுத்து, அதன் முனையையும் உறையையும் உள்ளே சேர்த்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவைக் குறைத்துவிட்டு, பெடலின் இன்புட்டில் கிட்டார் கேபிளுக்குப் பதிலாக அந்தப் பிளக்கைச் செருகி, ஒலியளவைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இப்போது கேட்பது பெடலும் அதற்குப் பின்னால் உள்ளவையும் உண்டாக்கும் இரைச்சல் மட்டுமே. அது காதுக்கு எட்டாத அளவில் இருந்தால், குற்றவாளி பெடலுக்கு முன்னால் இருக்கிறது.

முன்னால் இருக்கும் குற்றவாளி பெரும்பாலும் பீசோ பிக்கப்பும் (அதிர்வின் அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் வகை) அதன் இணைப்பும்தான். ப்ரீஆம்ப் இல்லாத பீசோவுக்குக் அதைச் செருகும் கருவியில் குறைந்தது 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு (சிக்னலை வாங்கும் இடத்தில் உள்ள தடை) தேவை. லைன் சிக்னலுக்கென்று, அதாவது ஏற்கெனவே பெருக்கப்பட்ட சிக்னலுக்கென்று செய்யப்பட்ட, சில பத்து கிலோஓம் மட்டுமே உள்ள ரிவர்ப் கருவியில் அதை நேரடியாகச் செருகினால் அடிச்சுரம் கரைந்து, ஒலி மெலிந்துவிடும். அதை ஈடுகட்ட நீங்கள் கெயினை (பெருக்கும் அளவை) ஏற்றுவீர்கள், இரைச்சலும் கூடவே ஏறும். கிட்டார், பிறகு நல்ல ப்ரீஆம்ப், அதன் பிறகு ரிவர்ப் என்ற வரிசையே சரியானது. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 100 டெசிபல் என்று விவரத்தாளில் அச்சிட்டிருப்பது வழக்கமாகக் கருவி தாங்கும் உச்ச அளவை வைத்துச் சொன்னது. உங்கள் சிக்னல் அதைவிட 30 டெசிபல் தாழ்வாகப் போனால் கையில் மிஞ்சுவது 70 மட்டுமே. எனவே பலமாக வாசிக்கும்போது சிவப்பு விளக்கு எரியாத எல்லைவரை ப்ரீஆம்பிலேயே சிக்னலை உயர்த்துங்கள், ஆம்ப்ளிஃபயரில் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெடல் உண்மையிலேயே இரைவதும் உண்டு, மறுக்கவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஒலிபெருக்கி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஒலி குன்றிவிடுவதால், அதற்கென்று செய்யப்பட்ட சில பெடல்களின் இரைச்சல் அங்கே வெளியே தெரிவதில்லை. அக்கூஸ்டிக் ஆம்ப்ளிஃபயரில் உச்ச ஒலிகளுக்கான சிறு ஒலிபெருக்கியான ட்வீட்டர் இருப்பதால் அதே இரைச்சல் முழுவதுமாகக் கேட்கும். நண்பரின் எலெக்ட்ரிக் கிட்டாரில் அமைதியாக இருந்ததே என்று வாங்கிவந்து ஏமாறுவது இப்படித்தான். 1961-இல் ஃபெண்டர் நிறுவனம் தனிப்பெட்டியாக வெளியிட்ட வகை ஸ்பிரிங் ரிவர்ப்பின் (கம்பிச்சுருளை அதிரவைத்து எதிரொலி தருவது) ஒலி எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அமைதிதான் முதல் தேவை என்றால் அது வேண்டாம். ஸ்பிரிங்கிலிருந்து வரும் நலிந்த சிக்னலைப் பல மடங்கு பெருக்கவேண்டும். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் ரீங்காரத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். மூல ஒலியை டிஜிட்டலாக மாற்றாமல் நேராகக் கடத்தி, எதிரொலியை மட்டும் கலந்து தரும் டிஜிட்டல் பெடலைத் தேடுங்கள்.

மின்சாரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். டிஜிட்டல் ரிவர்ப்புகளில் பல 100 முதல் 300 மில்லிஆம்பியர் வரை கேட்கும். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து ப்ரீஆம்புக்கும் ரிவர்ப்புக்கும் கொடுத்தால், டிஜிட்டல் சுற்றின் கீச்சொலி ப்ரீஆம்புக்குள் புகுந்துவிடும். ஒவ்வொரு வழியும் தனித்துப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளையை முதலில் வாங்குங்கள். பலருக்கு அதன் பிறகு புதிய பெடலே தேவைப்படுவதில்லை.

அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால், உங்கள் கிட்டாரையும் கேபிளையும் ப்ரீஆம்பையும் கடைக்கு எடுத்துச் சென்று, ட்வீட்டர் உள்ள ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, நீங்கள் மேடையில் வைக்கும் ஒலியளவிலேயே தந்திகளைக் கையால் அடக்கிப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் கேளுங்கள். வாசித்துப் பார்ப்பது அதற்குப் பிறகு போதும்.